விரிசல் இருக்கும் என்று வைத்துக்கொண்டு பறப்பது

தண்டையார்பேட்டையில் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என்.டி.டி. வகுப்பு எடுக்கிறேன். பொருளை அறுக்காமல், உடைக்காமல் உள்ளே என்ன குறை இருக்கிறது என்று பார்க்கிற வேலைக்கான வகுப்பு. வருகிற பையன்கள் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எர்ணாவூர் பக்கம். டிப்ளமோ முடித்தவர்கள், ஐ.டி.ஐ. ஃபிட்டர்கள், மணலி ரிஃபைனரி ஷட்டவுனில் ஹெல்ப்பராக நின்றவர்கள். லெவல் டூ சர்டிபிகேட் கையில் இருந்தால் கல்ஃபில் வேலை கிடைக்கும் என்று கணக்குப் போட்டு வருகிறார்கள். நல்ல கணக்குதான். உலோகத்துக்குள் மின்னோட்டத்தை எழுப்பி விரிசல் தேடுகிற எடி கரண்ட் சோதனையை விமானத்தில் எப்படிச் செய்வது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒருவன் குறுக்கே கேட்டான்: "சார், கிராக் கீதுன்னு தெரிஞ்சே பிளேனைப் பறக்க வுடுவாங்களா?"

"கிராக் இருக்குன்னு வெச்சுக்கிட்டுத்தான்டா டிசைனே பண்றாங்க" என்றேன்.

அவன் நம்பவில்லை. விமானத்தில் ஏறுகிற யாரும் நம்ப விரும்பாத விஷயம் அது. பரிசோதனையில் அளவு மீறிய விரிசல் கண்ணில் பட்டால் சரிசெய்யாமல் விமானம் கிளம்பாது. அதில் சந்தேகம் வேண்டாம். நான் சொல்வது கண்ணில் படாத விரிசலைப் பற்றி. அது எங்கேயோ இருக்கிறது, இன்றைக்கும் கொஞ்சம் வளர்கிறது என்று எடுத்துக்கொண்டு, அது ஆபத்தாக மாறுவதற்குள் பிடித்துவிடும்படி நாள் குறிப்பதுதான் முறை. இந்த இடத்துக்கு வந்து சேர நிறையப் பேர் சாக வேண்டியிருந்தது.

எனக்கு இந்தத் தொழில் வீட்டிலிருந்து வந்தது. அப்பா பெரம்பூர் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில், சக்கரம் பார்க்கிற வீல் ஷாப்பில் வேலை. கழற்றி வந்த ஆக்சில்களை வரிசையாகக் கிடத்தியிருப்பார்கள். முனையைத் துடைத்து, கிரீஸ் தடவி, ஒலியை உள்ளே அனுப்பும் அல்ட்ராசானிக் ப்ரோபை வைத்து மெல்லத் திருப்புவார். ஒலி ஆக்சிலின் நீளம் முழுக்கப் போய் மறுமுனையில் மோதித் திரும்பும். வர வேண்டிய இடத்தில் இல்லாமல் நடுவில் ஓர் எக்கோ எழுந்தால் ஏதோ இருக்கிறது. அவர் ஓயாமல் சொன்னது வீல் சீட்டைப் பற்றி. சக்கரத்தை அழுத்தி ஏற்றியிருக்கும் பகுதி அது. ஆக்சிலில் விரிசல் பிறக்க அதிக வாய்ப்புள்ள இடமும் அதுவே, சக்கரம் மூடியிருப்பதால் கண்ணுக்கு அகப்படாத இடமும் அதுவே. "வெளிய பளபளன்னு இருக்கும்டா. ரெண்டு இரும்பு கட்டிப் புடிச்சிருக்கிற எடத்துலதான் ஆரம்பிக்கும்" என்பார். விமானத்தில் தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவெட்டின் தலைக்கு அடியில், ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த தகடுகளுக்கு நடுவில் தேடும்போதெல்லாம் அந்த வார்த்தை எனக்குப் பயன்பட்டிருக்கிறது.

திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்குவதால் உலோகம் தளர்ந்து உடைவதை உலோகச் சோர்வு என்பார்கள். அந்தச் சங்கதி பெரிதாகக் கவனத்துக்கு வந்தது ரயில் ஆக்சிலில்தான். 1842 மே 8 அன்று பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலில் எஞ்சின் ஆக்சில் உடைந்து, பெட்டிகள் ஏறி, தீப்பிடித்து ஐம்பது பேருக்கு மேல் செத்தார்கள். தாங்கக்கூடிய எடைக்குள்தான் அந்த ஆக்சில் ஓடியது. ஆனாலும் உடைந்தது. பிறகு ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்ற ரயில்வே பொறியாளர் ஆக்சில்களை இயந்திரத்தில் மாட்டிச் சுற்றவிட்டு வருடக்கணக்கில் சோதித்தார். ஒரே தடவை எவ்வளவு தாங்கும் என்பது வேறு, திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினால் எவ்வளவு தாங்கும் என்பது வேறு என்று அவர் காட்டினார். எவ்வளவு சுமையை எத்தனை தடவை தாங்கும் என்று இன்றைக்கும் விமானப் பொறியாளர்கள் போடுகிற வரைபடத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

விமானத்தில் அந்த ஏற்றம் இறக்கம் எங்கிருந்து வருகிறது? இறக்கை மேலும் கீழும் வளைவது ஒன்று. பயணிகள் பெட்டிக்குள் காற்றை அடைப்பது இன்னொன்று. முப்பதாயிரம் அடிக்கு மேலே வெளியில் காற்று மெலிந்துவிடும். உள்ளே மூச்சு விடுகிற அளவுக்கு அழுத்தம் வேண்டும். சதுர அங்குலத்துக்குச் சுமார் 8 பவுண்டு வித்தியாசம். போயிங் 737 விமானத்தின் உடல் தகடு பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மேலே ஏறும்போது அந்த உருளை உப்புகிறது, இறங்கும்போது சுருங்குகிறது. ஒரு பயணத்துக்கு ஒருமுறை. இதைத்தான் சைக்கிள் என்கிறோம். விமானத்தின் வயதைப் பறந்த மணியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சைக்கிள் எத்தனை என்று கேட்க வேண்டும்.

காமெட் விமானங்கள் இதை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தன. முதல் ஜெட் பயணி விமானம். 1954 ஜனவரி 10 அன்று ஒன்று இத்தாலியின் எல்பா தீவுக்கு அருகே கடலில் விழுந்தது, 35 பேர். ஏப்ரல் 8 அன்று இன்னொன்று நேப்பிள்ஸ் அருகே, 21 பேர். இங்கிலாந்தில் ஃபார்ன்பரோவில் ஒரு முழு காமெட்டைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, உள்ளே தண்ணீரை ஏற்றி இறக்கி, பறப்பதைப் போல அழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். அது ஏற்கெனவே 1,221 முறை பறந்திருந்தது. தொட்டிக்குள் இன்னொரு 1,836 தடவைக்குப் பிறகு கிழிந்தது. காற்றை அடைத்துச் சோதித்திருந்தால் வெடித்துச் சிதறி, கிழிசல் எங்கே ஆரம்பித்தது என்றே தெரிந்திருக்காது. தண்ணீர் அமுங்காது, அதனால் கிழிந்ததும் அழுத்தம் இறங்கி நின்றுவிட்டது. எல்பா விமானத்தின் கூரைத் துண்டைக் கடலுக்கடியிலிருந்து எடுத்தபோது, வழிகாட்டிக் கருவியின் ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் மூலையில் விரிசல் தொடங்கியது தெரிந்தது. சதுர ஜன்னல்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். முழுக்கச் சரி இல்லை. தகட்டில் வெட்டிய திறப்பின் மூலையிலும் அதன் ஓரத்து ரிவெட் துளையிலும் தகைவு, அதாவது உலோகத்துக்குள் ஏறும் இழுவிசை, எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் குவிந்ததே விஷயம்.

இதற்குப் பிறகும் சிந்தனை உடனே மாறிவிடவில்லை. ஒரு பாகம் இத்தனை சைக்கிள் தாங்கும் என்று சோதித்து, அதில் ஒரு பங்கு ஓடியதும் தூக்கிப் போட்டுவிடுவது ஒரு வழி. ஒன்று உடைந்தாலும் பக்கத்துப் பாகம் சுமையை வாங்கிக்கொள்ளும்படி கட்டுவது இன்னொரு வழி. இரண்டுமே, பாகம் குறை இல்லாமல் பிறந்தது என்ற நம்பிக்கையின் மேல் நிற்கின்றன. 1969 டிசம்பரில் அமெரிக்க விமானப்படையின் எஃப்-111 போர்விமானம் ஒன்று, நூறு மணி நேரத்தைச் சுற்றிப் பறந்த நிலையில், இறக்கை பிய்ந்து விழுந்தது. இறக்கையின் கீல் பகுதி மிக வலுவான எஃகு. அதை அடித்து உருவாக்கும்போதே ஒரு குறை விழுந்திருக்கிறது. தொழிற்சாலைச் சோதனை எதிலும் சிக்கவில்லை. ஆயுள் கணக்கு எதுவும் அந்த இரண்டு விமானிகளைக் காப்பாற்றவில்லை.

அதன்பின் 1974-இல் அமெரிக்க விமானப்படை ஒரு விதி கொண்டுவந்தது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த விதி இது. புதிதாகத் தொழிற்சாலையை விட்டு வெளியே வருகிற விமானத்தில், முக்கியமான துளைகளில், மிக மோசமான இடத்தில், 1.27 மி.மீ. விரிசல் முதல் நாளிலிருந்தே இருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போடு என்றது. இருக்கிறதா இல்லையா என்ற வாதமே கிடையாது. இருக்கிறது, இப்போது சொல், எத்தனை நாளில் அது வளரும்? பயணி விமானங்களுக்கு இதே பார்வை 1978-இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஸாம்பியாவின் லுசாகாவில் ஒரு பழைய 707-இன் வால் இறக்கை கழன்று விழுந்து ஆறு பேர் இறந்திருந்தார்கள். ஒன்று போனால் இன்னொன்று தாங்கும் என்று கட்டிய பாகம் அது. தாங்குகிற இன்னொன்றும் ஒரு நாள் தளரும், அதற்குள் முதல் விரிசலை யாராவது கண்டுபிடித்திருக்க வேண்டும் என்பதை அந்த விபத்து காட்டியது.

எஃப்-111களுக்கு ஒரு விநோதமான சோதனை வைத்தார்கள். விமானத்தைப் பெரிய குளிர் அறைக்குள் தள்ளி மைனஸ் 40 டிகிரிக்குக் குளிரவைத்து, இறக்கையை வேண்டுமென்றே பலமாக வளைப்பது. எஃகு அந்தக் குளிரில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். உள்ளே பெரிய விரிசல் இருந்தால் தரையிலேயே உடையும், ஆள் சாகாது. உடையாமல் தாங்கிவிட்டால் இன்ன அளவுக்குமேல் விரிசல் இல்லை என்று அர்த்தம். அந்த அளவு விரிசல் வளர எத்தனை மணி நேரம் ஆகுமோ, அதற்குள் அடுத்த சோதனை.

விரிசல் வளரும் வேகத்துக்குக் கணக்கு சொன்னவர் பால் பாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1960களின் தொடக்கத்தில் அவர் எழுதிய கட்டுரையைப் பெரிய சஞ்சிகைகள் ஏற்கவில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஒரு சிறு இதழில்தான் வெளியானது. விரிசல் நுனியில் தகைவு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை வைத்து, ஒரு சைக்கிளுக்கு எவ்வளவு நகரும் என்று சொல்லலாம் என்றார். சின்னதாக இருக்கும்போது மிக மெதுவாக ஊரும், நீளம் கூடக்கூட வேகம் பிடிக்கும், கடைசியில் பாய்ந்துவிடும். உடைந்த முகத்தை எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் சைக்கிளுக்கு ஒரு கோடு என்று வரிவரியாகத் தெரிவதும் உண்டு. அதை எண்ணிப் பின்னோக்கிப் போனால் விரிசல் எப்போது பிறந்தது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

பரிசோதனை இடைவெளி இங்கிருந்து வருகிறது. நம் கருவிக்கு நிச்சயமாக அகப்படும் அளவிலிருந்து, பாகம் உடையும் அளவுக்குப் போக, உதாரணத்துக்கு 12,000 சைக்கிள் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 12,000-க்கு ஒருமுறை பார்ப்பது முட்டாள்தனம். 6,000-க்கோ 4,000-க்கோ ஒருமுறை பார்க்க வேண்டும். ஒருவன் தவறவிட்டாலும் அடுத்தவன் பிடிக்க இன்னொரு வாய்ப்பு இருக்க வேண்டும். பையன்களுக்கு இதைச் சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொல்வேன். அந்த "நிச்சயமாக அகப்படும் அளவு" என்பது கருவியின் விளம்பரத்தில் போட்டிருக்கும் அளவு இல்லை. நல்ல வெளிச்சத்தில், கை தேர்ந்த ஆள், ஒரு தடவை பிடித்துக் காட்டிய மிகச்சிறிய விரிசலும் இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறு தடவை பிடிபடும் என்று 95 சதவீத உறுதியோடு சொல்லக்கூடிய அளவு. அதை நிரூபிக்க ஒரே அளவில் 29 விரிசல்களை வைத்தால் 29-ஐயும் பிடிக்க வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் 46 வைத்து 45 பிடிக்க வேண்டும். அரை மில்லிமீட்டரைப் பிடித்தவனைப் பாராட்டலாம். இடைவெளியை முடிவு செய்வது அவன் தவறவிட்ட பெரிய விரிசல்.

ரிவெட் வரிசையில் எடி கரண்ட் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். முதலில் துடைப்பது. அழுக்கும் எண்ணெயும் போய், பெயின்ட் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் பெயின்டை எடுத்து. பிறகு ரெஃபரன்ஸ் ஸ்டாண்டர்ட். அதே உலோகம், அதே தடிமன், அதே ரிவெட், அதில் அளந்து வெட்டிய ஒரு நுண்ணிய பள்ளம். பென்சில் போன்ற ப்ரோபின் நுனியில் சின்னக் கம்பிச்சுருள். அதில் மாறும் மின்சாரம் ஓடும்போது அடியிலுள்ள அலுமினியத்தில் சுழல் மின்னோட்டம் எழும். விரிசல் அந்த ஓட்டத்தை மறித்தால் திரையில் புள்ளி நகரும். ப்ரோப் லேசாகத் தூக்கிக்கொண்டாலும் புள்ளி நகரும். ஆகவே தூக்குவதால் வரும் அசைவு படுக்கையாகப் போகும்படியும், விரிசலால் வருவது நிமிர்ந்து எழும்படியும் கருவியைத் திருப்பி வைத்துக்கொள்வோம். அப்புறம் ரிவெட் தலையைச் சுற்றி வட்டமாக, ப்ரோபைச் சாய்க்காமல், ஒரே வேகத்தில். தலையின் விளிம்பில் போனால் விளிம்பே சிக்னல் கொடுக்கும். தள்ளிப் போனால் சின்ன விரிசல் ப்ரோபுக்குள் வராது. அடுத்த ரிவெட். அடுத்த ரிவெட். இடையிடையே ஸ்டாண்டர்டுக்குத் திரும்பிவந்து, பள்ளம் இன்னும் அதே உயரத்துக்கு எழுகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது தகட்டில் இருக்கும் விரிசலுக்கு ஃப்ரீக்வென்சியைக் குறைக்க வேண்டும். ஆழம் கிடைக்கும், கூர்மை போய்விடும். போல்ட் துளைக்குள் பார்க்க வேண்டுமானால் போல்ட்டைக் கழற்றி, சுழலும் ப்ரோபை உள்ளே இறக்குவோம். எனக்கு அதில்தான் நம்பிக்கை அதிகம். துளையின் சுவரையே தொட்டுப் பார்க்கிறோம்.

ஹவாயில் 1988 ஏப்ரல் 28 அன்று நடந்தது அத்தனையும் இந்த ரிவெட் வரிசையில்தான். அலோஹா ஏர்லைன்ஸின் 737, தீவுக்குத் தீவு குட்டிக் குட்டிப் பயணம். 19 வயது விமானம், 89,680 சைக்கிள். அது 75,000 சைக்கிளுக்காக வடிவமைத்த விமானம். 24,000 அடியில் முன்பக்கக் கூரை 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது. 95 பேரில் 94 பேர் உயிரோடு தரையிறங்கினார்கள். பணிப்பெண் கிளாராபெல் லான்சிங் வெளியே இழுக்கப்பட்டுக் காணாமல் போனார். தகடுகளை ஒட்டவைத்த பசை, கடற்காற்றின் ஈரத்திலும் துருவிலும் பல வருடமாக விட்டுக்கொண்டிருந்தது. பசை தாங்க வேண்டிய சுமை ரிவெட்டுகளுக்கு வந்தது. தலை வெளியே துருத்தாமலிருக்க மெல்லிய தகட்டில் கூம்பு வடிவில் குடைந்த துளை, அடியில் கத்தி முனைபோல மெலிந்துவிட்டது. ஒவ்வொரு துளையிலும் ஒரு சின்ன விரிசல். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. வரிசையாகச் சேர்ந்தபோது, ரசீது புத்தகத்தில் கிழிப்பதற்கென்றே போட்ட துளை வரிசையைப் போலக் கூரை கிழிந்தது. ஏறும்போது கதவோரத்தில் ஒரு விரிசலைப் பார்த்ததாக ஒரு பயணி பிறகு சொன்னார். அப்போது யாரிடமும் அவர் சொல்லவில்லை.

இங்கே வடசென்னைக்காரனுக்குச் சொல்ல ஒன்று உண்டு. உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று காசிமேட்டிலும் எண்ணூரிலும் இருப்பவனுக்குத் தெரியும். அலுமினியமும் தப்பாது. துருப்பள்ளம் ஒன்று விழுந்தால் விரிசலுக்கு அது பிறப்பிடம். கடற்கரை நகரங்களுக்கு இடையே, ஒரு மணி நேரப் பயணமாக, நாளைக்குப் பல தடவை ஏறி இறங்கும் விமானங்கள் நம் ஊரிலும் ஏராளம். பறந்த மணியை மட்டும் பார்த்தால் இளமையாகத் தெரியும். சைக்கிளைப் பார்த்தால் வேறு கதை.

அலோஹா விபத்தைப் பற்றிய அமெரிக்க விசாரணை அறிக்கையில் என்னை அதிகம் பாதித்த பகுதி, பரிசோதித்த ஆட்களைப் பற்றியது. விமானம் பகலில் பறக்கும். பரிசோதனை ராத்திரியில், விடியும் முன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்க்க வேண்டும். சாரத்தில் ஏறி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில். எல்லா ரிவெட்டும் ஒரே மாதிரி, கிட்டத்தட்ட எதிலும் எதுவும் இருக்காது. மனிதனின் கவனம் இதற்காகப் படைக்கப்பட்டதில்லை. அடுத்த ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் சியூ சிட்டியில் டிசி-10 விமானம் ஒன்றின் எஞ்சின் வட்டு உடைந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த வட்டை, 760 சைக்கிளுக்கு முன்பு, ஒளிரும் திரவம் தடவி இருட்டறையில் பரிசோதித்திருக்கிறார்கள். விரிசல் அப்போதே அரை அங்குலத்துக்கு அருகில் இருந்திருக்கும் என்று விசாரணை சொன்னது. பார்த்தவர் சோம்பேறி இல்லை. திறமை இல்லாதவரும் இல்லை.

நானும் அப்படிப்பட்ட ராத்திரிகளில் நின்றிருக்கிறேன். ஆறு மணிக்கு விமானம் போக வேண்டும், மூன்று மணிக்கு ஹேங்கருக்குள் வருகிறது. ஒரு நிறுவனத்தில் ஷிஃப்ட் மேனேஜர் பின்னால் வந்து நின்றுகொண்டு, "இன்னும் எவ்ளோ நேரம்ணா?" என்று கேட்பார். மரியாதையாகத்தான் கேட்பார். ஆனால் அந்தக் கேள்வி ப்ரோப் பிடித்த கையின் வேகத்தை மாற்றும். பகல் போல வெளிச்சம், தரையில் நிற்பது போன்ற மேடை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம்: இவை சலுகை இல்லை. பொறியாளர் தன் கணக்கில் போட்ட அந்தத் தொண்ணூறு சதவீதத்துக்கு இவையே அடிப்படை. இவற்றை வெட்டினால் இடைவெளியையும் குறைக்க வேண்டும். யாரும் குறைப்பதில்லை, எனக்கு அதுதான் கோபம்.

அப்படியானால் சென்சாரை ஒட்டிவிடலாமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, நானும் அதை விரும்புகிறேன். மெல்லிய ரப்பர் பட்டையில் தலைமுடி அளவு வாய்க்கால்கள் போட்டு, ஒன்றில் வெற்றிடம், அடுத்ததில் சாதாரணக் காற்று என்று மாற்றி மாற்றி வைத்து, விரிசல் வரக்கூடிய இடத்தில் ஒட்டிவிடுவது ஒரு முறை. விரிசல் அடியில் வந்தால் காற்று வெற்றிடத்துக்குள் கசியும், மானி காட்டிவிடும். எளிமையானது, பொய் சொல்வது குறைவு, 737-இன் சில இடங்களில் இதைப் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். ஒளியிழையில் தகைவை அளப்பது, தகட்டுக்குள் ஒலியலையை அனுப்பி மறுபக்கம் வாங்குவது, விரிசல் வளரும்போது எழும் நுண்ணொலியைக் கேட்பது என்று வேறு வழிகளும் உண்டு. கடைசி முறையில் காற்றின் இரைச்சல், ரிவெட் உரசுகிற சத்தம் எல்லாம் சேர்ந்துவிடும். பறக்கும்போது அதை நம்புவது கடினம். நம் ஊரில் ஐ.ஐ.டி. மெட்ராஸில் இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது, கல்பாக்கத்தில் அணு உலைக் குழாய்களுக்காக வளர்த்த திறமை இருக்கிறது, இந்திய என்.டி.டி. சங்கத்தின் தலைமையகமே சென்னைதான். பையன்கள் கல்ஃப் டாங்க் வெல்டிங்கோடு நிற்காமல் இந்தப் பக்கமும் வர வேண்டும் என்பது என் ஆசை. விமானத்துக்கு நாஸ் 410 என்று தனித் தகுதி வேண்டும், பயிற்சி மணி அதிகம், ஆண்டுக்கு ஒருமுறை கண் பரிசோதனை. கஷ்டம்தான். வரலாம்.

ஆனால் சென்சார் தன்னை ஒட்டிய இடத்தை மட்டுமே பார்க்கும். எங்கே ஒட்டுவது என்பது வடிவமைப்பாளர் எங்கே விரிசலை எதிர்பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது. மோசமான விபத்துகள் பல, எதிர்பாராத இடத்தில் வந்தவை. குறிப்பாக, யாரோ பழுதுபார்த்த இடத்தில்.

1985 ஆகஸ்ட் 12. ஜப்பான் ஏர்லைன்ஸின் 747 விழுந்து 520 பேர் இறந்தார்கள். ஏழு வருடத்துக்கு முன்பு தரையிறங்கும்போது வால் தரையில் இடித்திருந்தது. உள்ளே அடைத்த காற்றைப் பின்பக்கத்தில் தாங்கி நிற்கும் அழுத்தச் சுவரைப் பழுதுபார்த்தபோது, ஒரே தகடாகப் போட வேண்டிய இணைப்பை இரண்டாக வெட்டிப் போட்டார்கள். இரண்டு வரிசை ரிவெட் தாங்க வேண்டிய சுமை ஒரு வரிசைக்கு வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ரிவெட்டுகள் எல்லாம் இருந்தன. 12,000-க்கும் மேற்பட்ட பயணங்களைத் தாங்கிவிட்டு, சுவர் கிழிந்தது.

2002 மே 25. சைனா ஏர்லைன்ஸ் 747, தைவானுக்கும் ஹாங்காங்குக்கும் இடையே கடலுக்கு மேலே சிதறியது, 225 பேர். இதிலும் வால் தரையில் இடித்த கதை, 1980-இல். உரசிக் கீறல் விழுந்த தகட்டை வெட்டி எடுக்காமல், மேலே ஓர் ஒட்டுத் தகட்டை வைத்து ரிவெட் அடித்துவிட்டார்கள். கீறல் ஒட்டுக்கு அடியில் உள்ளேயே இருந்தது. 22 வருடம், ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கீறல் விரிசலாகி, ஒன்றரை மீட்டரையும் தாண்டியது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரிந்தது ஒட்டு மட்டும். விபத்துக்குச் சில மாதங்களுக்கு முன்னால் எடுத்த படங்களில் ஒட்டின் ஓரத்தில் பழுப்புக் கறை இருக்கிறது. விமானத்துக்குள் சிகரெட் பிடிக்க விட்ட காலத்தின் புகை, உள்ளிருந்து கசியும் காற்றோடு வெளியே வந்து படிந்த கறை. பழைய ஆட்கள் அந்தக் கறையைத் தேடியே விரிசல் பிடிப்பார்கள். பழைய ஒட்டுகளையெல்லாம் மறுபடி மதிப்பிடும் திட்டம் ஒன்று அப்போது நடந்துகொண்டிருந்தது. இந்த விமானத்தின் முறை அந்த ஆண்டின் பிற்பகுதியில் வர இருந்தது.

ஆகவே சென்சார் ஒட்ட வருகிறவரானாலும் ப்ரோப் பிடிக்கிறவரானாலும், முதலில் கேட்க வேண்டியது விமானத்தின் ரிப்பேர் ரெக்கார்டு. வால் இடித்ததுண்டா, எந்த ஆண்டு, எந்த வரைபடத்தின்படி ஒட்டுப் போட்டார்கள், அடியில் இருந்த கீறலை முழுக்கத் தேய்த்து எடுத்தார்களா, மூடுவதற்கு முன் எடுத்த படம் இருக்கிறதா. ரிவெட் தலையின் பின்னால் கறுப்பாகப் புகைபோல் ஒரு கோடு இருந்தால், ரிவெட் தளர்ந்து உரசுகிறது என்று எழுத வேண்டும். கறை இருந்தால் கறை என்று எழுத வேண்டும், துடைத்துவிட்டுப் போகக் கூடாது. ரெக்கார்டு கிடைக்கவில்லை என்றால், வெளியிலிருந்து எடி கரண்ட் போட்டுக் கையெழுத்து வைக்காமல், ஒட்டைக் கழற்றி அடியில் பார்க்கச் சொல்லி எழுதிக்கொடுக்க வேண்டும். விமானம் இரண்டு நாள் தரையில் நிற்கும். நிற்கட்டும்.